உள்ளேன் ஐயா

காலை 10.10 ஆனதும் வருகைப் பதிவேட்டை என் பக்கம் இழுத்து, கையெழுத்து விழாத கட்டங்களில் சிவப்பு மையால் ஒரு சுழி போட்டு, உதவிப் பதிவாளர் அறைக்கு அனுப்பிவிட வேண்டும். பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்த கடைசி 9 வருடமும் இதுதான் என் அன்றைய முதல் வேலை. அதற்கு முந்தைய 27 வருடம், அந்தச் சுழி என் பெயருக்கு நேரே விழுந்துவிடக் கூடாதே என்று திருநின்றவூரில் மின்சார ரயிலைப் பிடித்து ஓடி வந்தவள். மாதத்துக்கு இரண்டு பெர்மிஷன். மூன்று நாள் தாமதமானால் அரை நாள் சி.எல். போச்சு. ரயில் பேசின் பிரிட்ஜ் தாண்டியதும் பிளாட்பாரம் கிடைக்காமல் நின்றுவிடும். எதிரே ஸ்டேஷன் தெரியும், இறங்க முடியாது. அங்கே நின்ற நேரத்தையெல்லாம் கூட்டியிருந்தால் இன்னொரு எம்.ஏ. படித்திருக்கலாம்.

ஒருநாள் மதிப்பூதிய பில் விஷயமாக வந்த தமிழ்த்துறைப் பேராசிரியர், நான் சுழி போடுவதைப் பார்த்துச் சிரித்தார். "பள்ளிக்கூடத்துல 'உள்ளேன் ஐயா'ன்னு சொல்லுவோமே, அதுக்கு ரெண்டு அர்த்தம் உண்டு, தெரியுமாம்மா?" என்றார். உள்ளேன் என்றால் இருக்கிறேன். அது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் உள்ளுதல் என்றால் நினைத்தல். செய்யேன், போகேன் மாதிரி உள்ளேன் என்றால் நினைக்க மாட்டேன் என்றும் ஆகும். "உடம்பைக் கொண்டாந்து உக்கார வச்சிட்டேன், மனசைக் கேக்காதேன்னு புள்ளைங்க சரியாத்தான் சொல்லிருக்கு" என்று சொல்லிவிட்டு பில்லில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான்தான் அந்தச் சொல்லோடு மாட்டிக்கொண்டேன்.

என் மூக்குக்கு முன்னால் பதினான்கு பேர் 'உள்ளேன்' என்று கையெழுத்துப் போட்டிருந்தார்கள். எந்த அர்த்தத்தில் என்று பதிவேட்டில் கட்டம் கிடையாது.

2016 ஆடி மாதம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் முழுவதும். காலை எட்டரைக்குப் பிசியோதெரபி செய்யும் பெண் வருவாள், ஒன்பதரைக்குப் போவாள். பார்த்துக்கொள்ள வைத்த அம்மாள் பத்துக்குத்தான் வருவார். இடையில் அரை மணி. அந்த அரை மணிதான் என் பிரச்சினை. உலகத்தில் யாருக்கும் அது பெரிய நேரம் இல்லை. நான் ஒரு விண்ணப்பம் எழுதினேன்: காலை 11-க்கு வந்து மாலை 6.45 வரை இருந்து ஈடுகட்டுகிறேன். வாரத்தில் இரண்டு நாள், சான்றிதழ்களின் உண்மைத்தன்மை கேட்டு வரும் கடிதங்களுக்கான பதில் வரைவுகளை வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து அனுப்புகிறேன். மேலதிகாரி படித்துவிட்டு, "என்னம்மா, நீங்களே பதினோரு மணிக்கு வந்தா ரெஜிஸ்டரை யார் இழுக்கிறது?" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. அவருக்கு அது உண்மையான நிர்வாகச் சிக்கல். மூன்று வாரம் கழித்துக் கோப்பு திரும்பியது. பச்சை மையில் இரண்டு வரி: விதிகளில் இடமில்லை. கோப்பில் சேர்க்கவும்.

விண்ணப்பம் என்பது விசித்திரமான சொல். ஆபீசில் லீவு கேட்பதும் விண்ணப்பம், சாமியிடம் கேட்பதும் விண்ணப்பம். வள்ளலார் இறைவனுக்கு எழுதிய உரைநடைக்குச் சிறு விண்ணப்பம், பெரு விண்ணப்பம் என்றே தலைப்பு வைத்தார். என்னுடையது சிறு விண்ணப்பத்திலும் சிறிது. அது கோப்பில் சேர்ந்தது.

அந்த நாட்களில் திங்கட்கிழமை மாலைதோறும் இருதயாலீஸ்வரர் கோயிலுக்குப் போவேன். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது பூசலார் கோயில். இப்போது இதய நோயாளிகள் ஈ.சி.ஜி. காகிதத்தைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். ஆபரேஷனுக்குத் தேதி குறித்தவர்கள் வருகிறார்கள். கருவறையில் லிங்கத்தோடு பூசலாருக்கும் இடம் உண்டு. நான் லிங்கத்தைவிட அவரைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டு நிற்பேன். எனக்கு அவர் ஒரு முன்மாதிரி வழக்கு. வக்கீல்கள் பழைய தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு வருவார்களே, அப்படி.

கதை எல்லோருக்கும் தெரியும். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டார், பணம் தேறவில்லை, மனத்துக்குள்ளேயே கட்டி, குடமுழுக்குக்கும் நாள் குறித்தார். அதே நாளில் காஞ்சிபுரத்தில் பல்லவ மன்னன் தன் கற்கோயிலுக்குக் குடமுழுக்கு வைத்திருந்தான். கைலாசநாதர் கோயிலும் ராஜசிம்மனும்தான் அது என்பார்கள். முந்தின இரவு சிவன் கனவில் வந்து, நாளை நான் திருநின்றவூரில் பூசலார் கோயிலுக்குப் போகிறேன், உன்னுடையதை வேறு நாள் வைத்துக்கொள் என்றார். அரசன் தேடி வந்தான். ஊரில் கோயிலே இல்லை.

எனக்குப் பிடித்தது முடிவல்ல, நடுப்பகுதி. சேக்கிழார் 'மனத்தில் கட்டினார்' என்று ஒரே மூச்சில் முடித்துவிடவில்லை. பூசலார் மனத்துக்குள்ளேயே சாமான் சேர்க்கிறார், தச்சர்களைத் தேடுகிறார், நல்ல நாள் பார்த்து அடித்தளம் போடுகிறார், இரவு தூங்காமல் எழுப்புகிறார். அடிவரிசையிலிருந்து சிகரம் வரை அளவு தப்பவில்லை. ஸ்தூபி நட்டு, சுதை பூசி, கிணறு தோண்டி, மதில் எடுத்து, குளம் வெட்டுகிறார். மனத்தில்தானே, குளத்தை விட்டிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? விடவில்லை. வேலையை யாரும் பார்க்கவில்லை என்பதற்காக ஒரு கல்லும் குறையவில்லை. யாருக்காகக் கட்டினாரோ அவருக்கு மட்டும் தெரிந்தது. ஆடிட் அங்கே முடிந்தது.

இதைவிட நல்ல சாட்சி எனக்கு எங்கே கிடைக்கும்? வேலை என்பது வந்து உட்கார்வது அல்ல, மனம் வைப்பது என்று தெய்வமே வந்து தீர்ப்புச் சொன்ன ஊரில் குடியிருக்கிறேன். அரை மணி நேரம் கிடைக்கவில்லை. கோயிலில் நின்று இப்படித்தான் வாதாடுவேன். அம்மா 2018 தை மாதம் போய்ச் சேர்ந்தாள். அந்தப் பதினெட்டு மாதமும், அவளைத் தனியாக விட்டுவிட்டுப் போன அந்த அரை மணியில் ஒன்றும் நடந்துவிடவில்லை. பிளாட்பாரம் கிடைக்காமல் ரயில் நிற்கும்போதெல்லாம், நடந்துவிட்ட மாதிரிதான் இருக்கும்.

எதிர்வீட்டு மாமி வைணவர். பக்தவத்சலப் பெருமாள் கோயிலில் தினம் காலையில் முதல் ஆள். தாயார் வைகுண்டத்தை விட்டுக் கோபித்துக்கொண்டு வந்து நின்றதால்தான் இது திருநின்றவூர் என்பதில் மாமிக்குத் தனிப் பெருமை. "உங்க ஆபீஸ்ல ஒத்துக்கல, பெருமாள் ஆபீஸ்லயும் ஒத்துக்கலடி. அவ வந்தே நின்னுட்டா" என்பார். என் பூசலார் வாதத்தை மட்டும் அவர் ஏற்கவில்லை. பிள்ளை லோகாச்சாரியார் ஸ்ரீவசன பூஷணத்தில் தண்ணீரை வைத்து ஒன்று சொல்லியிருக்கிறார் என்று விளக்கினார். தாகத்தோடு ஒருவன் நிற்கிறான். வைகுண்டத்தில் இருக்கும் இறைவன், அண்டத்துக்கு வெளியே சூழ்ந்திருக்கும் தண்ணீர். பாற்கடலில் இருப்பவன் பாற்கடலேதான். ராமனும் கிருஷ்ணனும் அன்றைக்குப் பெருகி ஓடி முடிந்துவிட்ட ஆற்று வெள்ளம். உள்ளத்துக்குள் இருக்கும் அந்தர்யாமி பூமிக்கடியில் இருக்கும் தண்ணீர். காலுக்குக் கீழேதான், ஆனால் கடப்பாரை வேண்டும். கோயிலில் நிற்கும் அர்ச்சைதான் வெள்ளம் வடிந்தபின் தேங்கிய மடு. குனிந்து கையால் அள்ளிக் குடிக்கலாம். "உன் பூசலார் உள்ளுக்குள்ள கட்டினது நிஜம்தான். வெயில்ல வந்தவன் அதுல ஒதுங்க முடியுமோ?" என்றார் மாமி.

பதில் சொல்லத் தெரியவில்லை. அரசன் வந்து "கோயில் எங்கே" என்று கேட்டபோது ஊரார் முழித்தார்கள் என்பதும் அதே கதையில்தானே இருக்கிறது.

தேர்வுப் பிரிவின் ஜன்னலில் நின்றவர்களை நினைத்துக்கொண்டேன். ஆரணிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் மகளின் புரொவிஷனலுக்காக வந்தார். மணி 1.20. சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவிட்டேன். தலையைத் தூக்காமலே, "செலான் இல்லை, நாளைக்கு வாங்க" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். சாப்பிட்டு வந்து காகிதத்தை எடுத்தால் செலான் பின்பக்கம் குண்டூசியில் குத்தியிருக்கிறது. வராந்தாவில் ஓடிப் பார்த்தேன், இல்லை. அன்றைக்கு நான் ஆபீசில் இருந்தேன். 9.55-க்கே கையெழுத்துப் போட்டிருந்தேன். பேராசிரியர் சொன்ன இரண்டாவது அர்த்தத்தில் உள்ளேன் ஐயா.

ஆக, மாமி சொன்ன மடுவும் என் நாற்காலியும் ஒன்றல்ல. மடுவில் தண்ணீர் இருக்க வேண்டும்.

பிறகு 2020 வந்தது. மார்ச் 24 நள்ளிரவோடு எல்லாம் அடைத்தாயிற்று. விதிகளில் இல்லாத இடம் ஒரே ராத்திரியில் முளைத்துவிட்டது. வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி மறுத்தவர்களே "வீட்டில் இருந்தபடி அவசரக் கோப்புகளைக் கவனிக்கவும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றறிக்கை விட்டார்கள். மே 4-ம் தேதி மீனாட்சி திருக்கல்யாணத்தை மதுரைக்காரர்களே செல்போனில் பார்த்து, வீட்டில் இருந்தபடி தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார்கள். எங்கள் பிரிவில் இருந்த பேகம் அக்கா, வெள்ளிக்கிழமை ஜும்ஆ ஜமாஅத்தோடு தொழ வேண்டியது, பள்ளிவாசல் மூடியிருப்பதால் வீட்டில் ஆண்கள் லுஹர் தொழுகிறார்கள் என்றார். தொழுகைக்கு எந்த இடமும் இடம்தான். ஜும்ஆவுக்கு மட்டும் கூட்டம் வேண்டும். எது எங்கிருந்தும் செய்யக்கூடியது, எது கூடித்தான் செய்ய வேண்டியது என்று அவர்கள் மார்க்கம் எப்போதோ பிரித்து வைத்துவிட்டது. எங்கள் பல்கலைக்கழகம் இதுவரை பிரிக்கவில்லை.

மே 18-லிருந்து அரசு அலுவலகங்களைப் போல நாங்களும் பாதிப் பேர் முறைவைத்து வந்தோம். ஜூன் 19-லிருந்து சென்னையிலும் எங்கள் பக்கத்திலும் மறுபடி முழு அடைப்பு. ரயில் கிடையாது. 58 முடிந்து அந்த ஜூன் 30-ல் ஓய்வு பெற்றிருக்க வேண்டியவள் நான். மே மாதம்தான் வயதை 59 ஆக்கியிருந்தார்கள், அடுத்த வருடம் 60 ஆனது. இன்னும் ஒரு வருடமா என்று அலுத்துக்கொண்டே, சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைப் போட்டு உட்கார்ந்தேன்.

உண்மையைச் சொன்னால், அந்த மூன்று மாதத்தைப் போல நான் என்றும் வேலை செய்ததில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு பையன் கூப்பிட்டான். வெளிநாட்டுக் கல்லூரியில் சேரக் கடைசித் தேதி, மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் இடம் மாறியிருக்கிறது, அழுகிற குரல். நாற்பது நிமிடம் பேசினேன். எந்தக் காகிதம், யார் மெயில், எந்த வாசகம் எல்லாம் சொன்னேன். ஆரணிப் பெரியவருக்கு நாற்பது விநாடி கொடுத்திருந்தால் போதும். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றவர் எட்டாதவராகவும் முப்பது கிலோமீட்டர் தள்ளி இருந்த குரல் எட்டியதாகவும் எப்படி ஆனது? உடம்பு பக்கத்தில் இருப்பது ஒரு வசதி, அவ்வளவுதான் என்று அன்றைக்குப் பட்டது. பூசலார் கட்சிக்கு ஜெயம் என்று மாமியிடம் போய்ச் சொன்னேன். மாமி மாஸ்க்குக்குள் சிரித்தார்.

இங்கேதான் எங்கள் பிரிவுத் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அலுவலக உதவியாளர். ஏஜென்சி மூலம் எடுத்த ஆள், வந்த நாளுக்குச் சம்பளம். பெயர் எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் தம்பி என்றே கூப்பிடுவோம். உண்மைத்தன்மை கேட்டு ஒரு மெயில் வந்தால், 2000-க்குப் பிந்தைய மாணவர் என்றால் கம்ப்யூட்டரிலேயே பார்த்துவிடலாம். அதற்கு முந்தியவர் என்றால் டி.ஆர். பார்க்க வேண்டும். மதிப்பெண்களைக் கையால் பதிந்து பைண்டு செய்த பெரிய பேரேடுகள். சில தொகுதிகளைத் தூக்க இரண்டு கை போதாது. ரெக்கார்டு ரூமில் தரையிலிருந்து கூரை வரை ரேக். ஜூன் மாதம் நான் வீட்டிலிருந்து பதில் அனுப்பிய ஒவ்வொரு பழைய சர்டிபிகேட்டுக்கும், தம்பி சைக்கிளில் போய், செக்யூரிட்டியிடம் சாவி வாங்கி, ஏணி போட்டு ஏறி, தொகுதியை இறக்கி, பக்கத்தைத் தேடி, போனில் படம் எடுத்து அனுப்பினான்.

ஒரு படம் இன்னும் என் போனில் இருக்கிறது. 1991 ஏப்ரல், பி.காம். பக்கம் மடங்காமல் இருக்க இடது கைப் பெருவிரலால் அழுத்தியிருக்கிறான். நகத்துக்கு அடியில் கறுப்பு, பைண்டின் தூசி. விரலுக்குப் பக்கத்தில்தான் எனக்கு வேண்டிய பதிவு எண். படம் வந்த நேரம் 11.42. என் பதில் போன நேரம் 12.05. அந்த மாதக் கூட்டத்தில், இணையவழியாகத்தான், மேலதிகாரி எங்கள் பிரிவைப் பாராட்டினார். "மேடம் வீட்டில் இருந்தே இரண்டு மணி நேரத்தில் டிஸ்போஸ் பண்ணிடறாங்க." திரையில் எல்லோரும் கைதட்டும் படம் போட்டார்கள். தம்பி அந்தக் கூட்டத்தில் இல்லை. ஏஜென்சி ஆட்களை அழைப்பதில்லை.

அன்று மாலை பால்கனியில் நிற்கும்போது, சாமியைத் தோளில் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகள் நினைவுக்கு வந்தார்கள். மூலவர் நகர மாட்டார்; கல். உற்சவர்தான் வெளியே வருவார், தெருத்தெருவாகப் போவார், மண்டகப்படியில் உட்காருவார். நடமாடும் தெய்வம் என்று நாம் கும்பிடுவது எத்தனையோ பேருடைய தோளை. அந்தத் தோளில் காய்த்த கட்டியைப் பார்த்திருக்கிறீர்களா? கோயில் வாசலில் சட்டையில்லாமல் நிற்கும்போது பார்க்கலாம், சின்ன எலுமிச்சம்பழம் அளவுக்கு. நான் வீட்டிலிருந்து வேலை செய்ததாகச் சொல்லிக்கொண்டது தம்பியின் தோளில் ஏறித்தான். பூசலார் யார் தோளிலும் ஏறவில்லை. அவர் கோயிலுக்கு ஒரு சித்தாளும் கல் சுமக்கவில்லை. அவரை என் வழக்குக்குச் சாட்சியாக இழுத்தது எனக்கே கொஞ்சம் கூசியது.

ஜூலைக் கடைசியில் தம்பிக்குக் காய்ச்சல். டெஸ்டில் பாசிட்டிவ். ஒரு கல்லூரி விடுதியில் வைத்திருந்த முகாமுக்கு ஆகஸ்ட் 4-ம் தேதி கூட்டிப் போனார்கள், 14 நாள். நல்லவேளை, மூச்சுத்திணறல் இல்லை.

12-ம் தேதி என் முறை. அரசு ஊழியர்களுக்கு விட்ட சிறப்புப் பேருந்தில் போனேன். பிரிவில் நான் மட்டும். ஓய்வூதியப் பலனுக்காக ஒரு பள்ளி ஆசிரியையின் 1988 பட்டத்துக்கு அவசரமாக உண்மைத்தன்மை கேட்டிருந்தார்கள். ரெக்கார்டு ரூமைத் திறந்து லைட்டைப் போட்டேன். 34 வருடச் சர்வீஸ் ஆனவள், அந்த அறைக்குள் எனக்குத் திசையே தெரியவில்லை. ரேக்குகளில் ஒட்டிய சீட்டெல்லாம் கரையான் தின்றது போக மிச்சம். அரை மணி தேடிவிட்டு, வேறு வழியில்லாமல் தம்பிக்குப் போன் போட்டேன்.

"சொல்லுங்க மேடம்" என்றான். குரல் கம்மியிருந்தது. பின்னால் யாரோ இருமினார்கள்.

"ஒண்ணுமில்லப்பா, எப்படி இருக்கே?"

"நல்லாருக்கேன் மேடம். எந்த வருசம் வேணும்?"

எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. சொன்னேன். அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "லைட்டு சுவிட்சுக்கு முதுகு காட்டி நில்லுங்க. இடது கைப் பக்கம் நாலாவது ரேக்கு. கீழேருந்து மூணாவது தட்டு. பச்சை பைண்டு ரெண்டு இருக்கும், ரெண்டாவது. அதுக்கு முதுகு கிழிஞ்சிருக்கும், சணல் போட்டுக் கட்டி வச்சிருக்கேன், முடிச்சு வலது பக்கம். உருவும்போது மேல இருக்கிற சிவப்பு பைண்டு சரியும் மேடம், ஒரு கையால புடிச்சுக்குங்க."

இருந்தது. முடிச்சு வலது பக்கம்தான். சிவப்பு பைண்டு சரிந்தது, பிடித்துக்கொண்டேன்.

"உள்ள ஏப்ரல் முதல்ல வராது, அக்டோபர்தான் முதல்ல. பைண்டு பண்ணவன் மாத்திப் போட்டுட்டான்" என்றான் முகாம் கட்டிலில் படுத்திருந்தவன்.

தொகுதியைத் தரையில் விரித்து, பக்கத்தில் உட்கார்ந்து, பெருவிரலால் பக்கத்தை அழுத்திக்கொண்டு படம் எடுத்தேன். அந்த அறையில் என் உடம்பு இருந்தது. அறை முழுக்க அவனுக்குள் இருந்தது, அடித்தளத்திலிருந்து ஸ்தூபி வரை, சணல் முடிச்சு உட்பட. பன்னிரண்டு வருடமாக யாரும் கேட்காமலே அதை அவன் கட்டி வைத்திருக்கிறான். இருதயாலீஸ்வரர் கோயிலில் எத்தனையோ திங்கட்கிழமை நின்றிருக்கிறேன். பூசலார் எப்படி இருந்திருப்பார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த வாரம் இன்னும் மூன்று தொகுதிகளை அவன் படுக்கையிலிருந்தே காட்டிக் கொடுத்தான்.

செப்டம்பரில் இறுதிப் பருவத் தேர்வை மாணவர்கள் வீட்டிலேயே எழுதினார்கள். ஏ4 தாளில் எழுதி, ஸ்கேன் செய்து அனுப்பி, தாளையும் தபாலில் அனுப்ப வேண்டும். மூட்டை மூட்டையாக வந்தது. ஒரு கட்டில் மஞ்சள் கறை, இன்னொன்றில் குழந்தையின் கிரேயான் கிறுக்கல். பறக்கும் படை, டம்மி நம்பர், ஹால் சூப்பரின்டெண்ட் என்று அத்தனை காலம் கட்டிக் காத்த கோட்டையெல்லாம் போய், மாணவர்களின் மனசாட்சியை மட்டும் கண்காணிப்பாளராகப் போட்டுத் தேர்வு நடத்தினோம். அத்தனை மாணவர்களை நம்ப முடிந்த இடத்தில், அதே செப்டம்பர் 1-ம் தேதி எங்களை முழுக்கக் கூப்பிட்டுப் பதிவேட்டை மறுபடி மேசைமேல் வைத்தார்கள். ரயில்கூட ஓடாத நாட்கள். எப்படி வருவீர்கள் என்று யாரும் கேட்கவில்லை.

காஞ்சிபுரம் திருவெஃகாவில் பெருமாள் திருமழிசையாழ்வார் பின்னாலேயே பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போனவர். அழைத்ததும் திரும்பி வந்தார். ஆனால் பழைய பக்கமாகப் படுக்கவில்லை. போய்வந்ததற்கு அடையாளமாக இன்றைக்கும் மாறிய பக்கமாகவே படுத்திருக்கிறார். நாங்களும் போய்த் திரும்பி வந்தோம். பழைய பக்கமாகவே படுத்தோம்.

என் தங்கை மகள் பிரிட்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் மாணவர் சேர்க்கைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். வாரத்தில் இரண்டு நாள் போனால் போதும். 2024 ஏப்ரல் 6-லிருந்து அங்கே வேலையில் சேர்ந்த முதல் நாளே நேரத்தையோ இடத்தையோ மாற்றிக் கேட்கலாம். வருடத்துக்கு இரண்டு முறை. இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்று சட்டம். "கேட்கத்தான் பெரியம்மா உரிமை, கிடைக்கிறதுக்கு இல்லை" என்றாள். விண்ணப்பம் என்ற சொல்லை வெள்ளைக்காரன் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். உங்கள் ஆபீசைக் கூட்டுவது யார் என்று கேட்டேன். யோசித்தாள். "நான் போறதுக்கு முன்னாடியே வந்துட்டுப் போயிடுவாங்க. பாத்ததில்லை" என்றாள். வாரம் அஞ்சு நாளும் வருகிறவர்களாகத்தான் இருப்பார்கள்.

2021-ல் எங்கள் பிரிவில் கைக்குழந்தைக்காரி ஒருத்தி, 10.40-க்கு வர அனுமதி கேட்டு விண்ணப்பித்தாள். அரக்கோணம் லோக்கல். நான் பரிந்துரைத்து நோட் போட்டேன், 2016-ல் எனக்கு யாராவது போட்டிருக்க வேண்டிய நோட். விதிகளில் இடமில்லை என்றே திரும்பியது. கையெழுத்து வேறு, மை அதே பச்சை. மறுநாளிலிருந்து பதிவேட்டை 10.10-க்கு என் மேசை டிராயரில் வைத்துப் பூட்ட ஆரம்பித்தேன். அவள் வந்து கையெழுத்துப் போட்டதும் அனுப்புவேன். உதவிப் பதிவாளர் ஒருநாள் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. விதிமீறல்தான். மறைக்கவில்லை.

தம்பியின் வருகை என் பதிவேட்டில் இல்லை. அது எஸ்டேட் அலுவலகத்தில், கேட்டுக்குப் பக்கத்தில், தனி மஸ்டர். அங்கே யார் எப்போது பூட்டுகிறார்கள், திறக்கிறார்கள் என்பது என் கையில் இல்லாத சமாசாரம். முகாமில் இருந்த நாட்களுக்குச் சம்பளம் பிடித்தார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு நோட் போட்டேன். ஏஜென்சி ஆள், நம்ம ஃபைல் இல்லை என்று வாய்மொழியாகப் பதில் வந்தது. காசாகக் கொடுக்கப் போனேன். "வேணாம் மேடம்" என்று இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

2022 ஜூன் 30. நிலுவையின்மைச் சான்றில் கையெழுத்து வாங்க ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்கினேன். எஸ்டேட் அலுவலகத்தில் அதிகாரி சாப்பிடப் போயிருந்தார். காத்திருக்கும் நேரத்தில், அலமாரியில் வரிசையாக நின்ற மஸ்டர்களில் 2020-ஐ உருவிப் பார்த்தேன். யாரும் தடுக்கவில்லை. ஆகஸ்ட். தம்பியின் வரிசையில் 4 முதல் 17 வரை பதினான்கு கட்டத்திலும் ஆப்சென்ட். அந்த மாதம் ஞாயிறுதோறும் தளர்வில்லாத முழு ஊரடங்கு, ஊரே வெளியே வரக்கூடாது. அந்த இரண்டு ஞாயிறும் ஆப்சென்ட். சுதந்திர தினமும் ஆப்சென்ட். 12-ம் தேதிக் கட்டத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். சிவப்பு மை. எழுதியவர் கை அழுத்தம்போல; தாளைத் திருப்பினால் பின்பக்கமும் தெரிந்தது.